ஒரு கிலோமீட்டரில் ஒளிந்திருக்கும் 90 சென்டிமீட்டர்

சேலத்துக்கு மேற்கே உள்ள இளம்பிள்ளையில் ஒரு சாலைக்கு அளவை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை முக்காலியில் ஏற்றி, இரண்டு கற்களுக்கு இடையே அளந்தால் சரியாக 1,000 மீட்டர். அதே கற்களை ஜிபிஎஸ் கருவியால் குறித்து, சிவில் 3டி மென்பொருளில் ஏற்றித் தூரம் கேட்டால் 1,000.9 மீட்டர் என்கிறது. கருவியில் பழுதில்லை, அளந்தவர் கையிலும் பிசகில்லை. இரண்டு விடையுமே சரி. அந்த 90 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வரைபட மென்பொருளின் உள்ளே நடக்கும் அதிசயங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முதலில், திரையில் தெரியும் கோடு படமே அல்ல. அதன் இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஆயத்தொலைவுகள், அதாவது கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்ற எண்கள்தான் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் 64 பிட் இடம். இதை இரட்டைத் துல்லியம் என்பார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து இளம்பிள்ளை வடக்கே சுமார் 1,280 கி.மீ. அத்தனை பெரிய தூரத்தை மீட்டரில் எழுதிய பிறகும், ஒரு மீட்டரை 400 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாக்கி அதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல அந்த எண்ணால் முடியும். அது ஏறத்தாழ ஓர் அணுவின் அகலம்!

ஆனால் திரைக்குப் படம் தீட்டும் சில்லு, வேகத்துக்காகப் பெரும்பாலும் 32 பிட் எண்ணையே கையாளும். அதே 1,280 கி.மீ. தொலைவில் அதன் மிகச் சிறிய அடி 12.5 செ.மீ. எழுத்துகள் நடுங்குவதும், ஹேட்ச் உடைவதும், வட்டம் கோணலாவதும் பல நேரம் இதனால்தான். கட்டட வரைபடமென்றால், தொடக்கப்புள்ளியைத் தளத்துக்கு அருகே கொண்டுவந்து, எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

இப்போது 90 செ.மீ. விஷயத்துக்கு வருவோம். பூமி உருண்டை, வரைபடம் தட்டை. குடத்தின் மேல் பட்டுச் சேலையைப் போர்த்தினால் எங்காவது சுருக்கம் விழத்தானே செய்யும்? அந்தச் சுருக்கத்தை அடக்க, உலகத்தை வடக்கு தெற்காக 60 பட்டைகளாக வெட்டும் முறைக்கு யூடிஎம் என்று பெயர். ஒவ்வொரு பட்டையும் 6 பாகை அகலம்.

இதில் ஓர் அருமையான தந்திரம் இருக்கிறது. பட்டையின் நடுக்கோட்டில் எல்லா நீளங்களையும் வேண்டுமென்றே 0.9996 மடங்காகச் சுருக்கிவிடுகிறார்கள். அங்கே தரையில் 1 கி.மீ. என்பது வரைபடத்தில் 999.6 மீட்டர். நடுவிலிருந்து இருபுறமும் சுமார் 180 கி.மீ. தள்ளிப்போனால் தரையும் வரைபடமும் ஒத்துப்போகும். அதற்கப்பால் வரைபடம் நீளத் தொடங்கும். பிழையை ஒரே இடத்தில் குவிக்காமல் பங்கிட்டு வைக்கும் கணக்கு இது. நீட்சி உச்சத்தைத் தொடுவது பட்டையின் ஓரத்தில்.

தமிழ்நாட்டைப் பிரிக்கும் ஓரம் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை. இளம்பிள்ளை அதை ஒட்டியே இருக்கிறது! இங்கே 10 கி.மீ. சாலை வரைபடத்தில் 9 மீட்டர் கூடுதலாகத் தெரியும். ஒரு ஏக்கர் நிலம் சுமார் 80 சதுர அடி பெருகிக் காட்டும்.

இன்னொரு வியப்பும் உண்டு. மேற்கே சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு எல்லாம் 43-ஆம் பட்டையில். கிழக்கே சேலம், ராசிபுரம், நாமக்கல் 44-இல். இளம்பிள்ளையில் நட்ட ஒரே கல்லுக்கு, 43-இல் கிழக்குத் தொலைவு சுமார் 827 கி.மீ., 44-இல் சுமார் 173 கி.மீ. வடக்குத் திசையே இரண்டுக்கும் இடையே 1.2 பாகை மாறி நிற்கும். கல்லைப் பொருத்திவிட்டு ஒரு கோப்பை மற்றதன் மேல் அப்படியே வைத்தால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் சாலை 21 மீட்டர் விலகிவிடும்.

இதே 78 பாகையை ஒட்டித்தான் இந்தியாவை அளந்த ‘மாபெரும் வில்’ (Great Arc) என்ற நில அளவையும் ஓடியது. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய வேலை அது. தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியைச் சுமந்து, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கன்னியாகுமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய், 1841-இல் முடித்தார்கள். அவர்கள் தேடியது பூமியின் உண்மையான வளைவை. அந்த வளைவின் கணக்கை இன்று மென்பொருள் நொடியில் போட்டுவிடுகிறது. எந்தப் பட்டை என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் கோட்டைப் போடுமுன் டிராயிங் செட்டிங்ஸைத் திறந்து, அலகு அடியா மீட்டரா என்று பாருங்கள். பிறகு பட்டையைத் தேர்ந்தெடுங்கள். 43-க்குக் குறியீடு 32643, 44-க்கு 32644. வேலை இருபுறமும் பரவினால் முழுத் திட்டத்துக்கும் ஒரே பட்டை போதும். அடுத்தவர் கோப்பு வேறு பட்டையில் வந்தால் கையால் நகர்த்திச் சுழற்றாதீர்கள், ஆயத்தொலைவுகளை மாற்றும் மென்பொருள் கருவியிடம் விடுங்கள். தரை நீளம் வேண்டுமென்றால் வரைபட நீளத்தை அளவுக் காரணியால், இங்கே ஏறத்தாழ 1.0009-ஆல், வகுக்க வேண்டும். எந்தக் காரணி என்பதை வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் எழுதுங்கள். கடைசியாக, களத்தில் இரண்டு கற்களுக்கு இடையே நேரில் அளந்து ஒப்பிடுங்கள். இத்தனை சோதனையிலும் தேறிய கோப்பை நம்பி நிலம் எடுக்கலாம், மதிப்பீடு போடலாம், சாலையும் போடலாம்.