அச்சுப்பொறியின் உண்மையான விலை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையம்வழி வீடு தேடி வந்தன. ஆசிரியர்கள் புலனத்தில் அனுப்பிய பயிற்சிகளை அச்சிட வெளியே செல்ல இயலாத நிலையில், சொந்தமாக ஓர் அச்சுப்பொறி வாங்கலாமா என்னும் கேள்வி பல குடும்பங்களில் எழுந்தது. ஆணை நீங்கிய பின்னரும் அக்கேள்வி நீங்கவில்லை. கிள்ளானில் படிக்கும் மாணவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் சிறு அலுவலகம் நடத்துபவருக்கும் அது இன்றும் பொருந்தும்.

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா போன்ற மின்னியல் பேரங்காடிகளில் நுழைந்தால் பலவகை அச்சுப்பொறிகளைக் காணலாம். முதலில் நம் கண்ணில் படுவது விலைச் சீட்டு. ஆனால், அச்சுப்பொறிக்கு நாம் கொடுக்கும் பணம் கடையோடு முடிவதில்லை. மை தீரும்போதெல்லாம் அது தொடர்கிறது. எனவே, அச்சுப்பொறியின் விலையோடு ஒரு பக்கத்தை அச்சிட ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அச்சுப்பொறிகளில் இரண்டு வகைகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. முதலாவது, இங்க்ஜெட் எனப்படும் மைத்தெளிப்பு அச்சுப்பொறி. இது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துளைகள் வழியாக மையைத் தாளின்மீது தெளிக்கிறது. வண்ணப் படங்களை அழகாக அச்சிடும். எனினும், பல வாரங்கள் பயன்படுத்தாமல் விட்டால் மை உலர்ந்து துளைகள் அடைபடக்கூடும்.

இரண்டாவது, லேசர் அச்சுப்பொறி. தலைவாரிய சீப்பு தாள் துண்டுகளை ஈர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலைமின்னாற்றலைக் கொண்டு 1938ஆம் ஆண்டு செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் உலர்நகல் முறையைக் கண்டறிந்தார். லேசர் அச்சுப்பொறியும் அம்முறையிலேயே இயங்குகிறது. டோனர் எனப்படும் நுண்தூள் தாளில் ஒட்டிக்கொள்ள, வெப்பம் அதனை உருக்கிப் பதிக்கிறது. தூள் உலர்ந்துபோவதில்லை, எழுத்துகளும் விரைவாக அச்சாகும். ஆகவே, கறுப்பு வெள்ளைக் கடிதங்களை மிகுதியாக அச்சிடும் அலுவலகங்களுக்கு இது ஏற்றது.

மைத்தெளிப்பு வகையிலும் இரு பிரிவுகள் உண்டு. ஒன்றில் மை தீர்ந்ததும் மைக்கலனையே மாற்ற வேண்டும். மற்றொன்றில் புட்டியிலிருந்து தொட்டியில் மையை ஊற்றிக்கொள்ளலாம். மைக்கலன்களின் விலையைத் தாங்க இயலாத பயனீட்டாளர்கள் சிலர், பெரிய மைத்தொட்டிகளைக் குழாய்களால் தாங்களாகவே அச்சுப்பொறியோடு இணைத்துப் பயன்படுத்தி வந்தனர். 2010ஆம் ஆண்டு எப்சன் நிறுவனம் மைத்தொட்டி பொருத்தப்பட்ட அச்சுப்பொறியை முதன்முதலில் நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இவற்றுள் எது சிக்கனமானது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மைக்கலன் அச்சுப்பொறியின் விலை ரி.ம. 200 எனக் கொள்வோம். ரி.ம. 50 மதிப்புள்ள மைக்கலன் 200 பக்கங்களுக்கு வருமானால், ஒரு பக்கத்திற்கு 25 சென் செலவாகும். மைத்தொட்டி அச்சுப்பொறியின் விலை ரி.ம. 600. ரி.ம. 40 மதிப்புள்ள மைப்புட்டி 4,000 பக்கங்களுக்கு வருமானால், ஒரு பக்கத்திற்கு 1 சென் மட்டுமே. கூடுதலாகக் கொடுத்த ரி.ம. 400ஐ ஈடுசெய்ய ஏறத்தாழ 1,667 பக்கங்கள் அச்சிட வேண்டும். மாதம் 200 பக்கங்கள் அச்சிடும் துணைப்பாட நிலையம் அதனை ஒன்பது மாதங்களுக்குள் ஈடுசெய்துவிடும். மாதம் 20 பக்கங்கள் மட்டும் அச்சிடும் குடும்பத்திற்கோ ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரே அச்சுப்பொறி ஒருவருக்குச் சேமிப்பாகவும் மற்றவருக்கு வீண் செலவாகவும் அமைவதைக் கவனியுங்கள்.

மைக்கலன் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும் பக்க எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பொதுவாக, தாளின் பரப்பில் ஒவ்வொரு வண்ண மையும் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே படியும் என்னும் அடிப்படையில் அது கணக்கிடப்படுகிறது. படங்கள் நிறைந்த இடுபணியை அச்சிட்டால் மை விரைவில் தீர்ந்துவிடும்.

வாங்கிய பிறகு பராமரிப்பும் தேவை. மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டால் துளைகள் அடைபடுவதைத் தவிர்க்கலாம். நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் அதிகம். திறந்து வைக்கப்பட்ட தாள் ஈரத்தை உறிஞ்சி, அச்சுப்பொறிக்குள் சிக்கிக்கொள்ளும். எனவே, மீதமுள்ள தாள்களை உறையிலேயே வைத்திருத்தல் நன்று. பழுதடைந்த அச்சுப்பொறி மின்னியல் கழிவாகும். அதனை வீட்டுக் குப்பையோடு வீசாமல் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. அச்சுப்பொறி வாங்க எண்ணுவோர் முதலில் ஒரு மாதம் தங்களுக்கு எத்தனை பக்கங்கள் தேவைப்படுகின்றன என்று குறித்து வைத்துப் பார்க்கலாம். அவற்றுள் வண்ணப் பக்கங்கள் எத்தனை என்பதையும் தனியே குறிக்கலாம். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், அருகிலுள்ள நகலகத்தில் அச்சிட்டுக்கொள்வதே சிக்கனமாகும். வாங்காமல் இருப்பதும் சில வேளைகளில் சரியான தேர்வுதான்.