“இனி உங்க கணக்கை நான் பார்க்க முடியாது, சார்!”

கசப்பில்லாமல் கிளையண்ட்டிடமிருந்து விலகுவது எப்படி?

தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் ஆடிட்டரை மாற்றுவது லேசான காரியம் அல்ல. அப்பா மஞ்சள் பையில் பில்களைத் திணித்து எடுத்துப்போன அதே ஆபீசுக்குத்தான் மகன் இன்று வாட்ஸ்அப்பில் பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்புகிறார். பாகப்பிரிவினையில் யாருக்கு எந்தக் கடை வந்தது, மகள் கல்யாணத்துக்கு எங்கே கடன் வாங்கினார், யாருக்குக் கைமாற்று கொடுத்து வராமல் போனது என்பதெல்லாம் ஆடிட்டருக்குத் தெரியும். அதனால் கிளையண்ட்டுக்கு அவரை விட்டுப் போவது சங்கடம். ஆடிட்டருக்கோ, “நீங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்வது அதைவிடப் பெரிய சங்கடம்.

இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப நம்மூரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எதையும் சொல்வதில்லை! போன் அடித்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும், “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்ணே.” ஃபைல் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும். சிலர் ஃபீஸைத் திடீரென்று இரண்டு மடங்காக்கிவிட்டு, அவராகவே போகட்டும் என்று காத்திருப்பார்கள். முகம் முறியாமல் காரியம் முடிந்ததுபோல் தோன்றும். ஆனால், வரித் தொழிலில் மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கட்டப்போகிறவர் கிளையண்ட்.

மௌனத்துக்கு வரும் பில்

ஒரு கெடு தேதி தவறினால் என்னவெல்லாம் நடக்கும்? இதுவரை நாம் பழகிய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, தாமதமாக ரிட்டர்ன் போட்டால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரி பாக்கியிருந்தால் அதற்கு மாதம் 1 சதவீத வட்டி. இது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வியாபார நஷ்டத்தையும் பங்கு விற்ற நஷ்டத்தையும் அடுத்தடுத்த ஆண்டு லாபத்தில் கழித்துக்கொள்ள வேண்டுமானால், ரிட்டர்ன் கெடுவுக்குள் போயிருக்க வேண்டும். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதே நிபந்தனைதான். கெடு போனால் இரண்டும் போச்சு. ஜிஎஸ்டியில் மாத ரிட்டர்ன் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் (வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய்) ஏறிக்கொண்டே போகும்.

ஆடிட்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் இருக்கும் ஒருவருக்கு இதெல்லாம் நோட்டீஸ் வந்த பிறகே தெரியவரும். இதமாக நாலு வார்த்தை சொல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை. விலகுவதைத் தெளிவாக, நேரத்தோடு சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

யாரை விட வேண்டும்?

தொந்தரவு தரும் எல்லாக் கிளையண்ட்டையும் விட்டுவிட முடியாது. ஜூலை 30-ஆம் தேதி ராத்திரி ஃபார்ம்-16 அனுப்பிவிட்டு, “நாளைக்குள்ள போட்டுடலாம்ல சார்?” என்று கேட்பவர் எல்லா ஆபீசிலும் இருக்கிறார். அவருக்குக் கண்டிப்பான ஒரு தேதி போதும். ஃபீஸை இழுத்தடிப்பவருக்கு முன்பணம் என்ற விதி போதும். ஆர்ட்டிகிள் பசங்களை மரியாதையில்லாமல் பேசுகிறவரை ஒருமுறை எச்சரிக்கலாம். மறுபடி பேசினால் விடுவதே சரி. தொழில் வளர்ந்து, ஏற்றுமதி, வெளிநாட்டு வருமானம் என்று போன கிளையண்ட்டின் வேலை நமக்குப் பழக்கமில்லாததாக இருந்தால், அதையும் ஒப்புக்கொண்டு விடுவது நேர்மை.

தயக்கமே இல்லாமல் உடனே விட வேண்டிய ரகம் ஒன்று உண்டு. “பக்கத்து சீட்டுக்காரருக்கு எழுபதாயிரம் ரீஃபண்ட் வந்திருக்கு. அவங்க ஆள் போடுறார். நீங்க ஏன் சார் போட மாட்டேங்கறீங்க?” என்று கேட்பவர். இல்லாத வீட்டுக்கு வாடகை ரசீது, பெயரே கேள்விப்படாத கட்சிக்கு நன்கொடை, யாருக்கும் இல்லாத நோய்க்கு மருத்துவச் செலவு. இப்படிக் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள் மீது வருமான வரித் துறை 2025 ஜூலை 14 அன்று நாடு முழுவதும் பெரிய நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியதாகத் துறை அப்போது சொன்னது. இந்தத் தரகர்கள் ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுவதால், நோட்டீஸ் வந்ததே வரி கட்டுகிறவருக்குத் தெரியாமல் போகிறது என்பதையும் துறை சுட்டிக்காட்டியது.

அந்த ஆசைக்கு உடன்பட்டால், ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரும் தப்ப முடியாது. பொய்க் கணக்கு என்று தெரிந்தே அதற்குத் துணைபோகிறவருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 278-வது பிரிவு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை வைத்தது; ஏய்த்த வரி 25 லட்சத்தைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டுவரை. “ரீஃபண்டில் இத்தனை சதவீதம் எனக்கு” என்று பேசுவதும் பட்டயக் கணக்காளர்களுக்குத் தொழில் ஒழுங்கு மீறல். இப்படிப்பட்ட கிளையண்ட்டிடம், “இந்தக் கழிவை நான் போட மாட்டேன்” என்று முதலில் சொல்லிப் பார்க்கலாம். மீண்டும் வற்புறுத்தினால் சீசன் நடுவில் என்றாலும் விலகிவிட வேண்டும்.

எந்த மாதத்தில் சொல்வது?

மற்ற கிளையண்ட்டுகளின் விஷயத்தில் நல்ல நாள் பார்க்கத்தான் வேண்டும். சம்பளக்காரர் என்றால் ஜூலைக் கெடு முடிந்து, ரிட்டர்ன் இ-வெரிஃபை ஆன பிறகு சொல்வது வசதி. அடுத்த கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். வியாபாரி என்றால், வரித் தணிக்கையும் ரிட்டர்னும் முடிந்த பிறகு வரும் குளிர்காலம் ஏற்றது. அப்போது சொன்னால் மார்ச் முடிவதற்குள் புதியவரைத் தேட அவருக்கு நேரம் கிடைக்கும்.

இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதற்கான ரிட்டர்ன் அதன் பிறகுதான் போகிறது. “மார்ச் வரைக்கும் நான் பார்க்கிறேன்” என்று ஆடிட்டர் சொன்னால், அந்த வருடத்து ரிட்டர்னையும் அவர் போட்டுவிடுவார் என்று கிளையண்ட் நினைத்துக்கொள்வார். ஆடிட்டரோ, மார்ச் மாத ஜிஎஸ்டியோடு தன் வேலை முடிந்தது என்று நினைப்பார். இரண்டு பேரும் ஜூலை கடைசியில் சண்டை போடுவார்கள். எந்த ரிட்டர்ன் வரை, எந்த நோட்டீஸ் வரை என்று பிரித்து எழுதிவிட்டால் இந்தச் சண்டை இல்லை. ரிட்டர்ன் போன நிதியாண்டு முடிந்து மூன்று மாதம்வரை அதன் மீது ஆய்வு நோட்டீஸ் வரலாம் என்பதே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. பழையவர் போட்ட ரிட்டர்னுக்கு வரும் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அவரா, புதியவரா என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

நிறுவனச் சட்டப்படி நியமிக்கப்பட்ட தணிக்கையாளருக்குக் கூடுதல் கடமை உண்டு. ராஜினாமா செய்த 30 நாளுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டு ஏடிடி-3 படிவத்தை நிறுவனத்துக்கும் நிறுவனப் பதிவாளருக்கும் கொடுத்தாக வேண்டும். அங்கே சத்தமில்லாமல் நழுவவே முடியாது.

எப்படிச் சொல்வது?

ஆடிட்டரே சொல்ல வேண்டும். ஆபீஸ் பையனைவிட்டுச் சொல்லச் சொல்வதும், வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறுவதும் சொன்னதாக ஆகாது. நீண்ட காலக் கிளையண்ட் என்றால் நேரில் அல்லது போனில் பேசிவிட்டு, அன்றே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவது முறை. பேச்சு உறவுக்கு, எழுத்து ஆதாரத்துக்கு.

காரணம் சொல்லத்தான் வேண்டுமா? பெரிய விளக்கம் வேண்டாம். ஆனால், பொய்க் காரணம் வேண்டவே வேண்டாம். “உடம்பு சரியில்ல, வேலையைக் குறைச்சுக்கிறேன்” என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, அவருடைய மைத்துனர் ஃபைலைத் தொடர்ந்து பார்த்தால் அடுத்த விசேஷ வீட்டிலேயே குட்டு உடைந்துவிடும். பழைய குறைகளைப் பட்டியல் போடுவதும் வேண்டாம். அப்படிப் போட்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். பேச்சு சமாதானத்தில் முடிந்து, மறுபடியும் ஃபைல் மேசைக்கு வந்துவிடும்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நேற்று போனில் பேசியபடி, வரும் ஏப்ரல் 1 முதல் உங்கள் நிறுவனத்தின் வரி வேலைகளை எங்கள் அலுவலகத்தால் தொடர இயலாது. எங்கள் வேலைமுறை உங்கள் தேவைக்குப் பொருந்தி வரவில்லை என்பதால் இந்த முடிவை எடுத்திருக்கிறோம். மார்ச் மாதம் வரையிலான ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை நாங்களே தாக்கல் செய்வோம். இந்த நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்னைப் புதிய ஆடிட்டர் போட வேண்டியிருக்கும். அடுத்து வரும் கெடு தேதிகளின் பட்டியலையும், எங்களிடம் உள்ள உங்கள் ஆவணங்களின் பட்டியலையும் இணைத்துள்ளோம். புதியவருக்குத் தேவையான விவரங்களை உங்கள் சம்மதத்துடன் தருகிறோம். இத்தனை ஆண்டுகள் எங்கள்மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி.”

குற்றச்சாட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ‘இயலாது’ என்ற இடத்தில் ‘சற்று சிரமமாக இருக்கும்’ என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி எழுதினால், “கூட ரெண்டாயிரம் கேக்கறார்போல” என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

சாவி யார் கையில்?

நம்மூரில் பிரிவு சிக்கலாவது பெரும்பாலும் பாஸ்வேர்டில்தான். கிளையண்ட்டுக்குத் தொந்தரவு வேண்டாமென்று வருமான வரித் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் ஆடிட்டர் ஆபீஸ் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையுமே பதிந்து வைத்திருப்பார்கள். ஓடிபி அங்கேதான் போகும். நோட்டீசும் அங்கேதான் போகும். உறவு முடிந்த பிறகும் அந்த எண் மாறாவிட்டால், கிளையண்ட் பூட்டிய வீட்டின் வாசலில் சாவியில்லாமல் நிற்பவர்தான். ஆடிட்டருக்கும் ஆபத்து இருக்கிறது: தனக்குச் சம்பந்தமில்லாத கணக்கின் நோட்டீஸ் தன் இன்பாக்ஸில் வந்து கிடக்கும்.

ஆகவே கடைசி நாளில் இருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை இது. வருமான வரி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ தளங்கள் ஒவ்வொன்றிலும் கிளையண்ட்டின் சொந்த எண், சொந்த மின்னஞ்சல், புதிய பாஸ்வேர்டு. வருமான வரித் தளத்தில் ‘எனது சிஏ’ என்ற பகுதியிலிருந்து பழையவரை நீக்க வேண்டும். ஆடிட்டர் மேசை டிராயரில் கிடக்கும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் உரியவர் கைக்குப் போக வேண்டும். டாலி பேக்கப், போட்ட ரிட்டர்ன்களின் நகல், கூட்டாண்மைப் பத்திரம், சொத்துப் பத்திர நகல்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடிட்டர் தன் வேலைக்காகத் தயாரித்த குறிப்புத்தாள்கள் மட்டும் அவரிடமே இருக்கலாம்.

“ஃபீஸ் பாக்கி இருக்கே, அதுவரைக்கும் ஃபைலைக் கொடுக்காமல் இருக்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வக்கீல்கள் கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டுகளைப் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. அது வக்கீல்களைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், அதிலுள்ள நியாயம் எல்லோருக்கும் புரியும். பாக்கிக்குத் தனி பில், தனிக் கடிதம், தேவைப்பட்டால் தனி வழக்கு. ஃபைலைப் பிணையாக வைத்தால், கெடு தவறிய பழியும் சேர்ந்து வந்துவிடும்.

பட்டயக் கணக்காளர்களுக்கு வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர்கள் சட்டப்படி, ஒருவர் பார்த்துவந்த தணிக்கையை ஏற்கும் முன்பு புதியவர் பழையவருக்கு எழுத்துமூலம் தெரிவித்தாக வேண்டும். ‘என்ஓசி வாங்குவது’ என்று கடைத்தெருவில் சொன்னாலும், பழையவரின் அனுமதிக்காக ஏற்பட்டதல்ல இந்த விதி. ஏதாவது தொழில்முறைக் காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே. சட்டப்படியான தணிக்கைக்கு, சர்ச்சையில்லாத கட்டணம் பாக்கியிருந்தால் புதியவர் பொதுவாக அதை ஏற்கக் கூடாது. அந்தக் கடிதம் வரும்போது கிளையண்ட்டைப் பற்றிப் புறம்பேசிப் பழிதீர்க்க வேண்டியதில்லை. அவர் சம்மதமில்லாமல் அவருடைய ரகசியங்களை வெளியிடுவதும் தொழில் ஒழுங்கு மீறல்.

கடிதம் கிடைத்தவருக்கு

இப்படி ஒரு கடிதம் வந்தால் கிளையண்ட் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “ஏன்?” என்று கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, “அடுத்த கெடு எது? என் ஆவணங்கள் எங்கே? என் போர்ட்டலில் யார் நம்பர் இருக்கிறது?” என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குவது லாபம். கடந்த ஆண்டுகளின் ரிட்டர்ன் நகல்களைக் கேட்டு வாங்கி, வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் (வருடாந்திரத் தகவல்) அறிக்கையோடு ஒருமுறை ஒத்துப்பார்ப்பதும் நல்லது.

புதிய உறவைத் தொடங்கும் இருவருக்கும் சேர்த்து ஒன்று. வருமான வரிச் சட்டம் 2025-க்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. பிரிவு எண்கள் முதற்கொண்டு மாறுவதால் எல்லா ஆபீசிலும் எல்லா ஃபைலையும் ஒருமுறை புரட்டியாக வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்கில் ஒவ்வொரு கிளையண்ட்டுடனும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்: என்னென்ன வேலை, எவ்வளவு ஃபீஸ், விவரங்கள் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், பாஸ்வேர்டு யாரிடம், இருவரில் யார் விலகினாலும் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். சேரும்போது இதைக் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிற கிளையண்ட்டைப் பற்றி அன்றே யோசித்துக்கொள்ளலாம். தயங்குகிற ஆடிட்டரைப் பற்றியும்தான்.