கட்டிலருகே ஒரு கை – 9: சான்றிதழ் யாருக்கு?

கண்டியில் படுக்கையோடு இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ராவைக்குத் தங்குவீங்களா?" என்றுதான். அடுத்தது சம்பளம். பயிற்சி எடுத்திருக்கிறாரா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு இல்லத்துக்கு. கட்டிலருகே நிற்பவர் எத்தனை மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கணக்குச் சொல்வதில்லை.

அமெரிக்கா அந்தக் கணக்கை 1987இலேயே சட்டமாக்கிவிட்டது. அங்கே முதியோர் மருத்துவ இல்லத்தின் தாதி உதவியாளர் குறைந்தது 75 மணி நேரம் பயில வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையின் கீழ் செய்முறை. பரீட்சையில் தேறினால்தான் மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறும். தொடர்ந்து இரண்டு வருடம் அந்த வேலையைச் செய்யாவிட்டால் மறுபடி பயிற்சியும் பரீட்சையும், அல்லது பரீட்சையாவது.

இலங்கையிலும் வழி இல்லாமலில்லை. தேசிய தொழில் தகைமை, வாய்வழக்கில் 'என்விகியூ', ஏழு மட்டங்கள் கொண்டது. பராமரிப்பாளர் தொழிலும் அதற்குள் வருகிறது. மதிப்பீட்டாளர் கேட்பது மனப்பாடத்தை அல்ல, செய்துகாட்டுவதை. பாரிசவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். நாற்காலி அவருடைய பலமுள்ள பக்கம் வர வேண்டும். பிரேக் போட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடும். பாசமுள்ள மகன்கள் தினமும் இழுப்பது அந்தக் கையைத்தான்! புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, சாப்பாடு கொடுக்கையில் நிமிர்த்தி உட்கார வைப்பது... இப்படி நீள்கிறது. முடிவில் பாஸ், பெயில் கிடையாது. தகைமை உண்டு, அல்லது இன்னும் இல்லை.

ஆனால் இந்தப் பயிற்சிக்கான அவசரம் உள்ளூரைவிட வெளியிலிருந்துதான் அதிகம் வருகிறது. 2019 ஜூனில் ஜப்பானுடன் ஒப்பந்தமானபின், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக விரும்புவோர் தொழிற்பரீட்சையோடு மொழிப் பரீட்சையிலும் தேற வேண்டும். ஒசாக்காவின் பாட்டிக்குப் பரீட்சை எழுதியவர். கட்டுகஸ்தோட்டைப் பாட்டிக்குத் தெரிந்தவர் சொன்ன ஆள்.

புசல்லாவை, கம்பளைத் தோட்டங்களிலிருந்து இறங்கிவந்து, வருடக்கணக்காகக் கண்டி வீடுகளில் இந்த வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. முன்பே கற்ற அனுபவத்தை மதிப்பிட்டு அதே சான்றிதழை வழங்கும் முறை அது. வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வேலை செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நிறுவனத்தில் இருந்தவருக்குச் சேவைக் கடிதம் கிடைக்கும். வீட்டில் பார்த்தவருக்கு? கடிதம் எழுத வேண்டிய மகன் மெல்பேர்ணில் இருப்பார். அம்மா இறந்தபின் வீடும் கைமாறியிருக்கும்.

(தொடரும்)