மூத்த ஆட்டக்காரரின் விலை

கண்டி தந்த பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். 2010 ஜூலையில், தமது 38ஆவது வயதில், காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி அவர் விடைபெற்றார். உலகில் வேறெவரும் எட்டாத எண் அது. எனினும், ஏலச் சந்தை அவரை வேறு கணக்கால் அளந்தது.

ஐ.பி.எல். போட்டியில் ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு வரம்புண்டு. 2011இல் அது 90 இலட்சம் டொலர். சென்னை அணி நால்வரைத் தக்கவைத்தமையால் அதிற் பாதி கழிந்தது. 2008இல் அவ்வணி 6 இலட்சத்திற்கு வாங்கிய முரளி அந்நால்வருள் இல்லை. ஏலத்தில் கொச்சி அணி அவரை 11 இலட்சத்திற்கு எடுத்தது. அவ்வாண்டிலேயே அந்த அணி நீக்கப்பட்டது. 2012இல் பெங்களூர் அணி கொடுத்ததோ 2 இலட்சத்து 20 ஆயிரம்!

திறமை ஓராண்டில் ஐந்திலொன்றாகச் சுருங்குமா? இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வாரம் 20 பவுண் என்றிருந்த உச்சவரம்பு, ஆட்டக்காரர்கள் ஒன்றுபட்டு நின்றமையால் 1961இல் நீங்கியது. இங்கோ வரம்பு அணியின் பணப்பைக்கு. ஆகவே மூத்தவருக்கு ஈயும் காசு இளையவரின் பங்கிலிருந்து கழிகிறது. ஏலத்திலே ஆட்டக்காரர் அடிப்படை விலையைக் குறிக்கலாம்; அதன்மேல் பேரம் பேச அவருக்கு இடமில்லை.

முரளி 2014 வரை பெங்களூருக்காகப் பந்து வீசினார். விலை இறங்கியபோதும் அவர் மணிக்கட்டு சுழன்றுகொண்டே இருந்தது. மாணவ நண்பர்களே, ஏலத்தொகையைக் கொண்டு ஒருவரை எடைபோடுமுன் இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.