தோல்வி யாருக்குப் பாடம்?

“தோல்வியே வெற்றிக்கு முதற்படி” என்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரிலே எழுதி வைக்கிறார்கள். ஆண்டு விழா மேடையிலே முழங்குகிறார்கள். தேர்விலே தவறிய மாணவனுக்கும் சொல்கிறார்கள். வேலை பறிபோன தொழிலாளிக்கும் சொல்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், சொல்கிறவர் பெரும்பாலும் படிகளையெல்லாம் ஏறி முடித்து மாடியிலே நிற்பவர். கேட்கிறவனோ முதற்படியிலேயே வழுக்கி விழுந்து கிடப்பவன்!

இந்த வாக்கு மெய்யா, பொய்யா? ஏட்டைப் புரட்ட வேண்டாம். எங்கோ தேடிப் போகவும் வேண்டாம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நம்முடைய கரையையே கேட்போம். அது சொல்லும் விடை, மேடையிலே கேட்கும் விடையைப் போல் அவ்வளவு எளிதாக இல்லை.

சென்னைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலிலே நங்கூரமிடும். மசூலாப் படகோட்டிகள் அலையோடு மல்லுக்கட்டிச் சரக்கைக் கரை சேர்ப்பார்கள். 1861-இல் கடலுக்குள் நீட்டி ஒரு துறைமேடை அமைத்தார்கள். 1868-இலும் 1872-இலும் அடித்த புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. பிறகு, கடலிலே மதில் எழுப்பித் துறைமுகம் கட்டுவது என்று முடிவாயிற்று. பார்க்ஸ் என்ற பொறியாளர் திட்டம் வகுத்தார். 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயிலே, 1881 நவம்பரில், மீண்டும் ஒரு புயல்! பெரும் பெரும் கான்கிரீட் பாளங்களைக் கடல் புரட்டித் தள்ளியது. ஆண்டுக்கணக்கான உழைப்பு அலைக்கு இரையாயிற்று.

தோல்விதான். படுதோல்வி. ஆனால், துறைமுகம் செத்துவிடவில்லை. ஏன் உடைந்தது என்று வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். கட்டிய பிறகு மணல் வந்து வாயிலை நெருக்கிற்று. அதையும் ஆராய்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பிலிருந்த காலத்தில், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்கிலே புது வாயில் திறந்தார்கள். இங்கே தோல்வி உண்மையாகவே பாடமாயிற்று. மறுக்கவில்லை.

எதனால் ஆயிற்று? அந்தக் கற்களுக்குப் பின்னே கருவூலம் இருந்தது. ஒரு முறை இடிந்தால் இன்னொரு முறை கட்டப் பணம் இருந்தது. காரணத்தை ஆராயக் குழு இருந்தது. காத்திருக்கக் காலம் இருந்தது.

அதே ஆண்டுகளிலே இதே சென்னை ராஜதானியில் இன்னொரு தோல்வியும் நடந்தது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம்! வானம் பொய்த்தது, வயல் காய்ந்தது, விளைச்சலிலே தோற்றான் உழவன். அவன் என்ன பாடம் கற்றான்? கற்க அவனை யார் உயிரோடு விட்டார்கள்? இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். துறைமுகத்துக்கு இரண்டாம் முறை இருந்தது. உழவனுக்கு இரண்டாம் முறை இல்லை. கடலிலே விழுந்த கல்லை எடுத்து நிறுத்த ஆள் வந்தது. காட்டு வழியிலே விழுந்த மனிதனை எடுத்து நிறுத்த நாதியில்லை!

ஆகவே, தோழர்களே, தோல்வி தானாக எதையும் கற்பிப்பதில்லை. தோற்ற பிறகும் நிற்க ஓர் இடம் வேண்டும். நிற்க இடம் உள்ளவனுக்குத்தான் தோல்வி பாடம். அது இல்லாதவனுக்குத் தோல்வி வெறும் அடி.

இன்னும் ஐயமா? அதே துறைமுகத்தின் அலுவலகத்துக்குள்ளே போய்ப் பார்ப்போம். 1912 மார்ச்சில் அங்கே ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கும்பகோணம் கல்லூரியிலே கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உதவித்தொகையை இழந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் சேர்ந்து, எப்.ஏ. தேர்விலே தவறியவர். பெயர் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் கதையைச் சொல்லி, “பார், தோற்றவர்தானே பிறகு உலகப் புகழ் பெற்றார்!” என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். சற்றுப் பொறுங்கள்! எப்.ஏ. தேர்விலே தவறியதா அவருக்குக் கணக்கைக் கற்றுத் தந்தது? இல்லை. தவறியதால் பட்டம் போயிற்று. வேலை தேடி அலைந்ததுதான் மிச்சம். அவரைத் தாங்கியது எது? முதலில், கணக்கிலே ஈடுபாடு கொண்ட இராமச்சந்திர ராவ் என்ற கலெக்டர் மாதந்தோறும் செய்த பண உதவி. பிறகு, இந்த 30 ரூபாய் வேலை. அந்த அலுவலகத்திலே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி, தாமும் கணக்குக் கற்றவர், இவருடைய நோட்டுப் புத்தகத்தை மதித்தார். தலைவர் ஸ்பிரிங் ஆதரவு தந்தார். வயிற்றுக்குச் சோறும், எழுதத் தாளும், மதிக்க நாலு பேரும் கிடைத்த பிறகுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அந்தக் கடிதம் போயிற்று. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914-இல் கப்பலேறினார், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920-இல், 32 வயதிலே, மறைந்தார்.

அவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது, நாம் அறிந்தோம். நாற்காலி கிடைக்காமல் போன எத்தனை பேர், எந்தத் தெருவிலே, எந்த மூட்டையின் கீழே நசுங்கிப் போனார்கள்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வென்றவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, “இவர்களெல்லாம் ஒரு நாள் தோற்றவர்கள்” என்று காட்டுவது, கரை சேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிவிட்டுக் கடலிலே புயலே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பாட்டாளிகளாகிய நாமும் தோற்றிருக்கிறோம். பெரம்பூர்ப் பகுதியிலே பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகள் இயங்கிய காலம். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் முயன்றனர்; வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். சங்கத்தின் குரல் எழுந்ததும் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தை நாடியது. வேலை நிறுத்தத்துக்குத் தூண்டக்கூடாது என்று வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் தடை வந்தது. அன்று சங்கத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பே இல்லை. 1921-இல் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம் நடந்தது. பட்டினி, அடிதடி, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு! கடைசியிலே தோல்வி.

ஏன் தோற்றோம்? நிர்வாகம் வலுவானது, சர்க்கார் அதன் பக்கம் நின்றது என்பது பாதி விடை. மறு பாதி கசப்பானது. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குச் சென்றனர். சாதி இந்துக்களும் இஸ்லாமியரும் வெளியே நின்றனர். தொழிலாளி தொழிலாளியோடு மோதினான். புளியந்தோப்பிலே ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. சேரியிலே அவனைத் தீண்டாதவனாக வைத்துவிட்டு, ஆலை வாசலிலே மட்டும் “தோழா, வா” என்றழைத்தால் வருவானா? சாதி என்ற ஓட்டை இருந்த படகிலே ஏறிக்கொண்டு, காற்றின் மீது மட்டும் பழி போட்டுப் பயனில்லை!

அந்தத் தோல்வி வீணாகவில்லை. தடையுத்தரவின் சூடு நாட்டை உலுக்கியது. 1921-இல் மத்திய சட்டசபையிலே என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சங்கம் பதிவு செய்யவும், தொழில் தகராறிலே தலைவர்கள் மீது வழக்குப் போட்டு முடக்காமல் காக்கவும் அதிலே வழி பிறந்தது. அடிபட்ட இந்த நகரத்திலேதான், 1923-இல், சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். எப்படி முடிந்தது? தொழிலாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே வீட்டுக்குப் போய் விதியை நொந்துகொண்டிருந்தால் முடிந்திருக்காது. அமைப்பு என்ற ஒன்று எஞ்சியிருந்தது. தோல்வியை நினைவு வைத்துக்கொள்ளவும், காரணத்தைப் பேசவும், அடுத்த அடியை வைக்கவும் ஒரு கூடாரம் இருந்தது. துறைமுகத்துக்குக் கருவூலம் எதுவோ, பாட்டாளிக்குச் சங்கம் அது!

ஆனால், சட்டத்தின் பாடத்தைக் கற்ற அளவு சாதியின் பாடத்தைக் கற்றோமா? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லட்டும் ஒவ்வொரு கிளையும்!

துறைமுகம் கற்ற பாடத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் யார்? ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது இந்தக் கடலின் இயல்பு. துறைமுக மதில் குறுக்கே நின்றது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. தெற்கே காற்று வாங்க மணல்வெளி. வடக்கே கட்டுமரம் இழுத்துப் போடவும் இடமில்லை! கல்லைக் கொட்டினார்கள்; தூண்டில் வளைவு போட்டார்கள். ஓரிடத்திலே போட்டால் அடுத்த குப்பத்திலே அரிப்பு. மதில் கட்டியவன் ஒருவன். மண்ணை இழந்தவன் இன்னொருவன். ஆராய்ச்சிக் குழுவிலே மீனவனுக்கு நாற்காலி போட்டிருந்தால், மணல் எப்பக்கம் ஓடும் என்பதை அவன் முதல் நாளே சொல்லியிருப்பான். அடிபடுகிறவன் உட்காராத இடத்தில் பாடம் பாதிதான் கற்கப்படும்.

இன்றைக்கு வருவோம். மணலியிலும் எண்ணூரிலும் ஆலை வாசலிலே நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியைப் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளி ஒரு வேலையைக் கெடுத்துவிட்டால் விளக்கம் கேட்பார்கள். மறுநாள் அதே எந்திரத்தின் முன் நின்று திருத்திக் கொள்வான். காண்ட்ராக்ட் தொழிலாளி கெடுத்தால் மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். இருவர் செய்ததும் ஒரே பிழைதான்! ஒருவனுக்கு அது பயிற்சி. மற்றவனுக்கு அது பட்டினி. பிழையை மறைத்தால்தான் பிழைப்பு என்ற நிலையிலே அவன் என்ன கற்பான்? மறைக்கத்தான் கற்பான். அந்த மறைப்பு ஒருநாள் விபத்தாக வெடிக்கும்போது, அதிலும் சாகிறவன் அவனே.

ஆகவே, நாம் செய்யவேண்டியது என்ன? “முயற்சி திருவினையாக்கும்” என்று மட்டும் சொல்லி ஒதுங்குவது நமது வேலையல்ல. காண்ட்ராக்ட் தொழிலாளியைச் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். பத்தாம் வகுப்பிலே தவறிய பிள்ளையை மூட்டை தூக்க அனுப்புமுன், துணைத் தேர்வுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கப் படிப்பகத்தைத் திறக்க வேண்டும். போராட்டத்திலே தோற்றால் மாலையிலே கலைந்துவிடாமல், மறுநாளே கூடி, நம் பக்கத்துத் தவறு எது என்பதையும் கூச்சமின்றி எழுதிவைக்க வேண்டும். கரையிலே எது கட்டினாலும் கரைக்காரனைக் கேட்டுக் கட்டு என்று குரல் கொடுக்க வேண்டும்.

தோற்றவனுக்குப் புத்தி சொல்ல ஊரிலே ஆள் நிறைய உண்டு. அவன் எழுந்து நிற்க இடம் கொடுப்பவனே தோழன்!