கறி குறைந்தால் சத்து குறையுமா?

செகந்திராபாத்தில் எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. மாலை ஏழு மணிக்கு எங்கள் எழுத்தறிவு வகுப்பு தொடங்கும். ஒரு நாள் ஓர் அக்கா நேரம் கழித்து வந்தார். முகம் வாடி இருந்தது.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல தம்பி. வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பாம். ரத்தத்தில் கொழுப்பும் கூடி இருக்காம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆட்டுக்கறி, எண்ணெய், உப்பு மூணையும் குறைக்கச் சொன்னார். அவர் மூட்டை தூக்குறவர். கறி இல்லாம தெம்பு எப்படி வரும்?"

வகுப்பில் இருந்த எல்லோருக்கும் இதே சந்தேகம்தான். அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். அன்று பேசியதையும், பிறகு நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒரு நிறுவனம்

ஐதராபாத்தில் தார்நாகா என்ற இடம் உண்டு. உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கேதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. அது பிறந்தது தமிழ்நாட்டில், குன்னூரில். 1918-ஆம் ஆண்டில் மெக்காரிசன் என்ற டாக்டர் அதைச் சிறிய அளவில் தொடங்கினார். பெரிபெரி என்ற நோயை ஆராய்வதே முதல் வேலை.

அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டினால் தவிடு போய்விடும். தவிட்டோடு ஒரு வைட்டமின் சத்தும் போய்விடும். அந்த அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்குக் கால் மரத்துப் போகும். இதயம் பலவீனமாகும். அதுதான் பெரிபெரி. வயிறு நிறைந்தாலும் சத்து குறையலாம் என்பதை இந்த நோய் காட்டியது.

1958-இல் அந்த நிறுவனம் ஐதராபாத்துக்கு வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அதன் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். நாம் உண்ணும் பொருள்களில் எந்தச் சத்து எவ்வளவு என்று இந்த நிறுவனம் அளந்து புத்தகமாக வெளியிட்டது. 2017-இல் வந்த புத்தகத்தில் 528 உணவுப் பொருள்களின் கணக்கு இருக்கிறது.

பருப்பில் தெம்பு உண்டா?

உண்டு. நம் சதை வளரவும், தேய்ந்த இடம் சரியாகவும் புரதச் சத்து வேண்டும். 100 கிராம் ஆட்டுக்கறியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் துவரம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் இருக்கிறது. ஆனால் கறியில் உள்ள புரதத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். பருப்பை மட்டும் தின்றால் அவ்வளவு பயன் கிடைக்காது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ளது அரிசியில் இருக்கிறது. அரிசியில் குறைவாக உள்ளது பருப்பில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல கணக்கு.

இட்லி, பொங்கல், பருப்புச் சாதம் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவைதான். இங்கே தெலுங்கு மக்கள் புளிச்சகீரையைப் பருப்போடு கடைந்து சாப்பிடுகிறார்கள். சோள ரொட்டியைப் பருப்போடு தின்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் காலையில் கிச்சடி செய்கிறார்கள். எல்லாமே நல்ல சேர்க்கை.

ஆனால் பருப்பு கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு பிடி பருப்பை ஒரு குடம் தண்ணீரில் கரைத்தால் அது பருப்பு ஆகாது.

ரத்தம் ஊற

கறியில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். கீரை, தானியம், பயறு இவற்றில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதாகச் சேராது. அதற்குப் புளிப்பான பழங்களின் துணை வேண்டும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்து கொள்ளுங்கள். நெல்லிக்காய், கொய்யா, தக்காளியும் நல்லவை.

டீ இதற்கு எதிரி. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச் சத்து வீணாகும். நம் ஊர் இரானி டீயை யார் விடுவார்கள்? விட வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது கேழ்வரகில் நிறைய இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வாரம் சில நாள் களியோ கூழோ செய்யுங்கள்.

செடியில் கிடைக்காத சத்து

ஒரு சத்து மட்டும் காய், கீரை, பருப்பில் கிடைக்காது. அதன் பெயர் வைட்டமின் பி 12. அது குறைந்தால் சோர்வு வரும். கை கால் மரத்துப் போகும். பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் அது உள்ளது. ஆகவே கறியைக் குறைப்பவர்கள் பாலையோ தயிரையோ முட்டையையோ விடக் கூடாது. எல்லாவற்றையும் விட விரும்புபவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

ஒரே நாளில் மாற வேண்டாம். கறி தின்பது தப்பும் இல்லை. அளவுதான் முக்கியம்.

முதல் வாரம்: இரண்டு நாள் கறிக்குப் பதிலாகக் கெட்டிப் பருப்பும் கீரையும் வையுங்கள்.

இரண்டாம் வாரம்: பச்சைப் பயறு, கொண்டைக்கடலை சேருங்கள். பயறை இரவு ஊற வைத்து, காலையில் ஈரத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். மறுநாள் முளை வரும். வேக வைத்துச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் வாரம்: கறிக் குழம்பு மசாலாவிலேயே மீல் மேக்கர் போட்டுச் செய்யுங்கள். அது சோயாவில் செய்தது. அதன் எடையில் பாதி புரதம்.

நான்காம் வாரம்: ஞாயிறு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் கறி அல்லது மீன். மற்ற நாள் பருப்பு, பயறு, முட்டை, காய், கீரை.

கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் மிளகாய் பஜ்ஜியும் அப்பளமும் வைத்தால் பயன் இல்லை. எண்ணெயும் உப்பும் கூடிவிடும். ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் வேண்டும் என்று தார்நாகா நிறுவனம் சொல்கிறது. அதாவது தட்டில் பாதி. அவ்வளவு வாங்க முடியாவிட்டாலும், இன்று வாங்குவதைவிட ஒரு கட்டுக் கீரை கூட வாங்குங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள் தங்களுக்குக் கிடைக்கும் முட்டையையும் பாலையும் குறைக்கக் கூடாது. தெலங்கானாவில் 2015 முதல் ஆரோக்கிய லட்சுமி திட்டம் நடக்கிறது. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு, முட்டை, பால் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பின் அளவை டாக்டரிடம் கேளுங்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

அக்காவின் பங்கு

பேசி முடித்ததும் அக்காவிடம் ஒன்று கேட்டேன். "அக்கா, கறி சமைத்தால் உங்களுக்கு எத்தனை துண்டு?"

அக்கா சிரித்தார். "அவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுடுவேன். எனக்குக் குழம்பு போதும்."

வகுப்பில் மற்ற பெண்களும் சிரித்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை. அங்கே இருந்த பல பெண்களுக்கு ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி இருக்கிறார்கள். வீட்டில் கறி வெந்தது. ஆனால் அவர்கள் தட்டுக்கு அது வரவில்லை. பருப்பு சமைத்தாலும் கடைசியில் தெளிந்த தண்ணீரே அவர்களுக்கு மிஞ்சியது.

உணவை மாற்றும்போது இந்தப் பழக்கத்தையும் மாற்றலாம். பருப்பையும் முட்டையையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வையுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அடுத்த வாரம் அக்கா ஒரு தாளைக் கொண்டு வந்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை என்ன சமையல் என்று தன் கையால் எழுதி இருந்தார். எழுத்துகள் கோணல்தான். இரண்டு பிழையும் இருந்தது. 'முட்டை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 4 என்று எழுதி இருந்தார்.

"நாலு முட்டையா அக்கா?"

"நாங்க நாலு பேரு, தம்பி. எனக்கும் ஒண்ணு."

அவர் கணவர் ஞாயிற்றுக்கிழமைக் கறியை விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை. மூட்டையும் தூக்குகிறார்.

நீங்களும் ஒரு தாளை எடுங்கள். ஏழு நாளையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பருப்பு அல்லது பயறு, ஒரு கீரை அல்லது காய் எழுதுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் பங்கு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.