1729... ஒரு டூப்ளிகேட்!

1729-ஐத் தெரியாத தமிழர் உண்டா? ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர். கேட்ட மாத்திரத்தில் அதன் பெருமையை ராமானுஜன் எடுத்துவிட்டாரே, அதேதான்.

ஆனால், ஆசாமிக்கு இன்னொரு முகம் உண்டு. அது ஒரு டூப்ளிகேட் பகா எண்!

பகா எண் ஞாபகமிருக்கிறதா? 7, 13 மாதிரி, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது. இன்டர்நெட்டில் ரகசியங்களைப் பூட்டும் சாவிகளுக்கு ராட்சச பகா எண்கள் தேவை. அசல்தானா என்று சோதிக்க, 17-ம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா ஒரு வழி சொன்னார். 7-ஐச் சோதிக்க, ஏழு 2-களைப் பெருக்குங்கள்: 128. அதில் 2-ஐக் கழித்தால் 126. ஏழால் மீதியில்லாமல் வகுபடுகிறதா? பாஸ்! 2-க்குப் பதில் 3, 4 எது போட்டாலும் இதே கதைதான்.

வில்லங்கம் இங்கேதான். 1729 என்பது 7 x 13 x 19. பகா எண்ணே இல்லை. ஆனாலும், எந்த எண்ணைப் போட்டுச் சோதித்தாலும் கம்பீரமாக பாஸாகிவிடும்... போலி ரேஷன் கார்டு மாதிரி! இந்தப் போலிகளுக்கு 'கார்மைக்கேல் எண்கள்' என்று பெயர்.

போலிகளுக்கு முடிவே இல்லை என்று 1994-ல் வெளியான ஒரு கட்டுரை நிரூபித்தது. சரி, எத்தனை தூரத்துக்கு ஒரு போலி? போதுமான அளவு பெரிய எண் எதை எடுத்தாலும், அதற்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒன்றாவது கட்டாயம் உண்டு என்று 2021-ல் நிரூபித்தவர் டேனியல் லார்சன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஹைஸ்கூல் மாணவர். வயது 17!

"அப்பாவும் அம்மாவும் கணக்கு புரொபசர்களாம், அப்புறமென்ன?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நம்ம ஊர் சங்கதியும் இருக்கிறது. எந்தப் போலியிடமும் ஏமாறாத, அதிர்ஷ்டத்தை நம்பாத, எண் பெரிதானாலும் திணறாத சோதனையை 2002 ஆகஸ்டில் உலகுக்குத் தந்தது கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் கைகோத்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்த பையன்கள். கட்டுரை வெறும் ஒன்பது பக்கம்! 2006-ல் கோடல் பரிசு தேடி வந்தது.

நடைமுறையில் இன்றும் பழைய குறுக்குவழிச் சோதனைகள்தான் வேகம் என்று ஓடுகின்றன. அதனால் என்ன? முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்று பதில் கிடைத்துவிட்டதே!

இதற்கு லேப் வேண்டாம், லட்சங்கள் வேண்டாம். பேப்பர், பென்சில், பொறுமை போதும். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில் பிளஸ் டூ படிக்கிற தம்பி ஒருத்தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்களை மேயவிட்டுக்கொண்டிருந்தால், "இது பரீட்சைக்கு வருமாடா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஏன்டா அப்படி வருது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காக ஏங்குகிற பையன்கள் நிறைய.

ஆபீஸில் ஃபைல் வரும்வரை உங்களுக்கும் ஒரு வேலை: 561-ஐப் பிரித்துப் பாருங்கள். போலிகள் குடும்பத்தில் அதுதான் கடைக்குட்டி!